கன்னி நிலம் என்று ஒன்று இல்லை

என் கைப்பேசியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. முழங்கால்வரை பனி. பின்னால் இரண்டு ரெயின்டீர் மான்கள். நடுவில் நீலமும் சிவப்புமான உடுப்பும் நான்கு முனைத் தொப்பியும் அணிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நான். நார்வேயின் வடக்கே, ட்ரோம்சோ நகருக்கு வெளியே ஒரு ஜனவரியில் எடுத்தது. ஊர் திரும்பியதும் அதை வாட்ஸ்அப் முகப்புப் படமாக வைத்தேன். சக ஆசிரியர்கள், உறவினர்கள், பழைய மாணவிகள் எல்லோரும் பாராட்டினார்கள். முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி மட்டும், வகுப்பு முடிந்து மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து கேட்டாள்.

"மேம், அது யாரோட டிரஸ்?"

"டூர்ல குடுத்தாங்கம்மா."

"இல்ல மேம். யாரோடதுன்னு கேட்டேன்."

அவள் நீலகிரியின் பழங்குடிக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்து படிப்பவள். "எங்க ஊருக்கு வர்றவங்களும் எங்க பாட்டியோட போர்வைய வாங்கிப் போத்திக்கிட்டு போட்டோ எடுத்துக்குவாங்க மேம். பாட்டி பேர யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் பட்டிருக்கும் கடன்.

அந்தப் பயணத்தை நானும் என் தோழியும் எங்கள் விடுதலையாகத்தான் நினைத்துக்கொண்டு கிளம்பினோம். நாற்பதைக் கடந்த இரண்டு பெண்கள், கணவர் இல்லாமல், பிள்ளைகள் இல்லாமல், சொந்தச் சம்பளத்தில். இருபது பேர் கொண்ட குழுவில் நாங்கள் மட்டுமே அப்படி. விமானத்திலேயே "வீட்டுக்காரர் வரலையா?" என்ற கேள்வி வந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன். என் அம்மாவின் பயணங்கள் பழனியோடும் வேளாங்கண்ணியோடும் முடிந்தவை. அங்கேயும் அவர் கையில் புளிசாதத் தூக்கு இருந்தது. தூக்கு இல்லாமல் கிளம்பிய முதல் தலைமுறை நான்.

பயண நிறுவனம் கொடுத்த கையேடு தமிழில் இருந்தது. முதல் மூன்று நாள் ஆஸ்லோ நகரம். பிறகு ட்ரோம்சோ: நாய் வண்டி, மான் வண்டி, துருவ ஒளி, கண்ணாடிக் கூரை அறை. அதற்கு ஒரு வர்ணனை: "மனிதக் காலடி படாத கன்னிப் பனி. ஆளரவமற்ற வெண்ணிலத்தை வெல்லுங்கள்." தமிழ் படித்து, தமிழ் கற்பித்து, கவிதையும் எழுதும் நான் அந்த வரியில் அச்சுப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டினேன்.

இப்போது அந்த வரியைப் பிரித்துப் பார்க்கிறேன். நிலத்துக்கு ஏன் கன்னிமை? யாரும் தொடாதது என்று ஒன்றைச் சொல்வது, தொடப்போகிறவனுக்காகச் சொல்வது. தொட்டவர்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் இருந்தால்தான் ஒரு நிலம் தொடப்படாததாகும். பெண்ணுடலுக்குச் செய்த அதே கணக்கு இது. முதலில் அவளை வெற்றிடமாக்கு. பிறகு அதில் கொடி நாட்டு. இந்தக் கணக்கை உடலின் விஷயத்தில் நாற்பது ஆண்டுகளாக எதிர்த்து எழுதிவரும் நாம், பனியின் விஷயத்தில் அதைப் பணம் கொடுத்து வாங்குகிறோம்.

ஆஸ்லோவில் எங்களை முதலில் அழைத்துப்போன இடம் ஃப்ராம் அருங்காட்சியகம். துருவப் பயணங்களுக்குப் போன மரக்கப்பலையே உள்ளே நிறுத்தி, அதைச் சுற்றிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். நான்சன், அமுண்ட்சென் என்று ஆண்களின் பெயர்கள். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதலில் அடைந்தவர் அமுண்ட்சென். எப்படி அடைந்தார்? அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1903 முதல் 1905 வரை, கனடாவின் வடகோடியில் நெட்சிலிக் இனுயிட் மக்களிடையே தங்கி, குளிரில் சாகாமல் உடுத்துவது எப்படி என்று கற்றுக்கொண்டார். தோலைப் பதப்படுத்தி, காற்றும் ஈரமும் புகாதபடி நரம்பிழையால் தைப்பது அந்தச் சமூகத்தில் பெண்களின் வேலை. 1888-ல் நான்சன் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தபோது உடன் சென்றவர்களில் இருவர் சாமி இனத்தவர். பனியில் உறையாத சாமிக் காலணி மானின் கால்தோலில் தைக்கப்பட்டு, உள்ளே உலர்ந்த புல் திணிக்கப்பட்டது. தைத்தவர்கள் பெண்கள். கப்பலுக்குப் பெயர் இருக்கிறது, நாய்களுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. ஊசி பிடித்தவளுக்கு இல்லை. துருவத்தை வென்ற வீரன் நடந்தது பெண்கள் போட்ட தையலின்மேல். அந்தத் தையல் ஓரிடத்தில் பிரிந்திருந்தால் அவன் கால்விரல்கள் போயிருக்கும்.

சாமி என்று நான் சொன்னதும் எங்கள் குழுவில் ஒருவர் "எந்த சாமி, அய்யப்ப சாமியா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் ஆகியவற்றின் வடக்கே பரவி வாழும் தொல்குடிகள் அவர்கள். அந்த நிலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சாப்மி. நான்கு நாடுகளின் எல்லைக்கோடுகள் அவர்கள் மேய்ச்சல் வழிகளின் குறுக்கே பிற்காலத்தில் விழுந்தவை.

மறுநாள் தேசிய அருங்காட்சியகத்தின் நுழைவுக் கூடத்தில் கழிப்பறை தேடி நுழைந்தோம். அங்கே ஒரு திரை தொங்கியது. நெருங்கிப் பார்த்தால் அது மண்டையோடுகள். நானூறு ரெயின்டீர் மண்டையோடுகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் தோட்டா துளைத்த ஓட்டை. செய்தவர் மாரெட் ஆன்னே சாரா என்ற சாமிக் கலைஞர். அதிக மேய்ச்சல் என்று சொல்லி அவருடைய தம்பியின் மந்தையை 75 மான்களாகக் குறைக்கும்படி அரசு உத்தரவிட்டது. அத்தனை சிறிய மந்தையை வைத்து ஒருவர் பிழைக்க முடியாது. தம்பி வழக்குப் போட்டார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த மாதமே அக்கா இந்த மண்டையோட்டுத் திரையை நாடாளுமன்றத்தின் முன்னால் தொங்கவிட்டார். இன்று அதே அரசின் அருங்காட்சியகத்தில் அது கலைப்பொருள். "சாப்பாட்டுக்கு லேட் ஆகுது மேடம்" என்றார் டூர் மேனேஜர். கழிப்பறைக்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தில் நான் பார்த்ததுதான் அந்த நகரத்தில் பார்க்கவேண்டியதாக இருந்தது. கையேட்டில் அது இல்லை.

நம் பெண்ணிய மேடைகளில் நார்வே ஒரு சொர்க்கம். 1913-லேயே பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, நீண்ட பேறுகால விடுப்பு, பெண் பிரதமர். நானே வகுப்பில் இவற்றைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். முதல் பெண் பிரதமர் க்ரோ ஹார்லெம் ப்ருண்ட்லாண்ட் 1981 பிப்ரவரியில் பதவியேற்றார். அதே மாதம் சாமிப் பெண்கள் சிலர் அவர் அலுவலகத்துக்குப் பேச வந்தார்கள். வடக்கே ஆல்டா ஆற்றில் அணை கட்டினால் மேய்ச்சலும் மீனும் போய்விடும் என்று சொல்ல வந்தவர்கள், பேச்சு முடிந்தும் எழுந்துபோக மறுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். காவல்துறை வந்து அப்புறப்படுத்தியது. அணையும் கட்டப்பட்டது. நாட்டின் முதல் பெண் பிரதமரின் அறையிலிருந்து பெண்கள் வெளியேற்றப்பட்ட இந்தக் காட்சி நம் பாடத்தில் ஏன் இல்லை? சமத்துவம் என்று நாம் கொண்டாடியது யாருக்கும் யாருக்கும் இடையிலான சமத்துவம்?

சட்டங்களைப் பாருங்கள். சாமி வழக்கப்படி பெண்ணுக்கும் சொந்த மான் உண்டு. மானின் காதில் வெட்டி அடையாளமிடும் தனிக்குறியும் அவளுக்கு உண்டு. அதாவது சொத்து அவள் பெயரிலேயே நடமாடும். ஸ்வீடனின் 1928-ஆம் ஆண்டுச் சட்டம், மேய்ச்சல் உரிமை இல்லாத ஆணை மணக்கும் சாமிப் பெண் தன் உரிமையை இழப்பாள் என்றது. ஆணுக்கு அந்த இழப்பு இல்லை. நார்வேயின் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் மான் வளர்ப்புக்கு உரிமம் கொண்டுவந்தது. உரிமங்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரிலேயே போயின. காதுக்குறியில் இருந்த பெண் காகிதத்தில் காணாமல் போனாள். பட்டாவில் பெயர் இல்லாமல் வயலில் வாழ்நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்த நம் பாட்டிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேல் வராது. நண்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் இருக்கும். அது அழகுதான், மறுக்க மாட்டேன். ஒரு இரவு பேருந்தில் மணிக்கணக்காக அலைந்து துருவ ஒளியையும் பார்த்தோம். பச்சைத் திரை அசைந்தது. நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் நாய் வண்டியில் உட்கார்ந்து சில்லென்ற காற்றில் போகும்போது "உலகத்துலயே யாரும் இல்லாத எடம்" என்று தோழியிடம் கத்தினேன். நாய்களைப் பூட்டி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த இளம்பெண் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். காலையில் நாய்ப் பட்டியைக் கழுவியவளும், எங்களுக்கு மாற்றுடையும் காலணியும் எடுத்துக் கொடுத்தவளும் அவளே. என் பின்னால் நின்று உழைத்தவளை வைத்துக்கொண்டே யாரும் இல்லை என்று கத்தினேன். கன்னி நிலம் இப்படித்தான் உண்டாக்கப்படுகிறது.

மான் முகாமை நடத்தியவர் ஒரு சாமிப் பெண், ஐம்பது வயதிருக்கும். கூடாரத்துக்குள் அடுப்பெரித்து, மானிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு கொடுத்தார். எங்கள் குழுவில் ஒருவர் "உங்களிடம் மொத்தம் எத்தனை மான்?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். மந்தையின் எண்ணிக்கையைக் கேட்பது அங்கே மரியாதை இல்லை. குளிர்காலத்தில் மான் பனியைக் காலால் தோண்டி அடியில் இருக்கும் பாசியைத் தின்னும். இப்போதெல்லாம் நடுக்குளிரில் மழை பெய்கிறது. மழைநீர் பனிமேல் உறைந்து பாளமாகிவிட்டால் மானால் தோண்ட முடியாது. தீவனம் வாங்கித்தான் போடவேண்டும். "உங்களைப் போன்றவர்கள் தரும் பணம் தீவனத்துக்குப் போகிறது" என்றார். ஆயிரக்கணக்கான மைல் விமானப் புகையைக் கக்கி வந்து, அந்தப் புகையால் கெட்ட பனிக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதன்பிறகுதான் அந்தப் படம். டூர் மேனேஜர் தன் பெட்டியிலிருந்து பாலியஸ்டர் உடுப்புகளை எடுத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் கொண்டுவருவாராம். வரிசையில் நின்று போட்டுக்கொண்டோம். சாமிகளின் உடுப்புக்குப் பெயர் காக்டி. அதன் வெட்டும் கரையும் வண்ணமும் அணிந்திருப்பவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்லும். சில பகுதிகளில் இடுப்புப் பட்டையின் பொத்தான் வட்டமா சதுரமா என்பதே மணமானவரா இல்லையா என்று காட்டும். அது ஒரு மொழி. நான் போட்டிருந்தது அந்த மொழியின் எழுத்துகளைக் குலுக்கிக் கொட்டிய உளறல். என் தலையில் இருந்த நான்கு முனைத் தொப்பி ஆண்கள் அணிவது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களின் பெண்களுக்கு வேறொரு தொப்பி இருந்தது. லாட்யோகாஹ்பிர் என்று பெயர், உச்சியில் கொம்புபோல் வளைந்த மரக்கட்டை. அந்தக் கொம்பில் சாத்தான் குடியிருக்கிறான் என்று கிறித்துவ மதப் பிரசாரகர்கள் சொன்னதால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது வழக்கொழிந்தது. எஞ்சியவை அருங்காட்சியகங்களுக்குப் போயின. இப்போது சாமிப் பெண்கள் அவற்றைப் பார்த்து மறுபடி தைத்து அணிகிறார்கள். தலையில் இருந்ததைப் பிடுங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அதன் போலியைச் சுற்றுலாப் பயணியின் தலையில் வைப்பதுதான் பண்பாட்டுப் பரிமாற்றமாம். எங்கள் உடுப்புக் கூத்தை அந்தப் பெண்மணி பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அடுப்பில் விறகு வைத்தார்.

கடைசி நாள் குழு திமிங்கிலம் பார்க்கப் போனது. நான் பேருந்து பிடித்து ட்ரோம்சோ பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அங்கே ஒரு சுவரில் பிரித்தா மாராகாட்-லப்பா என்ற சாமிக் கலைஞர் நான்கு ஆண்டுகள் உழைத்துச் செய்த எம்பிராய்டரி இருக்கிறது. உயரம் ஒரு முழம்கூட இல்லை. நீளம் ஏறத்தாழ 24 மீட்டர். பெயர் 'ஹிஸ்தோர்யா', வரலாறு. வெள்ளைத் துணியில் மான்கள் நடக்கின்றன, கூடாரங்கள் எழுகின்றன, பெண் தெய்வங்கள் நிற்கிறார்கள். 1852-ல் கவுதோகெய்னோ ஊரில் சாராய வியாபாரிக்கும் அரசு அதிகாரிக்கும் எதிராகச் சாமிகள் எழுந்த கலகம் அதில் இருக்கிறது. அந்தக் கலகத்தில் பெண்களும் இருந்தார்கள், சிறைக்கும் போனார்கள். மரணதண்டனை பெற்ற இரு ஆண்களின் தலைகள் ஆராய்ச்சிக்கென்று தலைநகரப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டன. அவை மண்ணுக்குத் திரும்பியது 1997-ல். ஆஸ்லோவில் நான் பார்த்த மண்டையோட்டுத் திரை அப்போது மறுபடி கண்முன் வந்தது.

கப்பலைச் சுற்றி ஒரு கட்டடம் எழுப்பியவர்கள் இருக்கும் நாட்டில், ஊசியும் நூலும் வைத்து ஒரு பெண் தன் மக்களின் வரலாற்றை எழுதியிருக்கிறாள். பொழுதுபோக்கு என்று நம் வீட்டில் சொல்லப்பட்ட கைவேலை. அந்தச் சுவரின் முன் நடந்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

சாமிகளின் பழைய நம்பிக்கையில், கூடாரத்தின் அடுப்படியில் சாராஹ்கா என்ற தெய்வம் இருக்கிறாள், பேறுகாலத்துக்குத் துணை. வாசலில் உக்சாஹ்கா இருக்கிறாள், காவல். வாசலும் அடுப்பும் அவற்றுக்குத் தெய்வமும் உள்ள இடத்துக்குப் பெயர் வனாந்தரமா? அவர்கள் மொழியில் 'மெயாத்சி' என்று ஒரு சொல் உண்டு. அதை வனாந்தரம் என்று மொழிபெயர்ப்பார்கள். ஆனால் அது வேலையின் பெயரால் அறியப்படும் இடம். விறகு எடுக்கும் மெயாத்சி, பழம் பறிக்கும் மெயாத்சி. போய் ஏதாவது செய்து திரும்பும் இடமே அது. வெறுமனே பார்க்கும் இடம் அவர்களிடம் இல்லை.

நம்மிடமும் இருந்ததில்லை. திணை என்பதே அதுதான். நிலம் என்றால் தெய்வம், உணவு, பறை, தொழில், அங்கே வாழும் ஆணும் பெண்ணும் சேர்ந்தது. பாலைக்குக்கூட ஆள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் கரட்டு நிலத்தைக் கிண்டிப் புல்லரிசி சேர்த்துச் சோறாக்குகிறார்கள். ஆற்றுப்படை நம் மொழியின் பயணக் கையேடு. எந்த வழியில் போனால் யார் இருப்பார்கள், என்ன சமைத்துத் தருவார்கள் என்று சொல்வது அதன் வேலை. அதைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் நான் "ஆளரவமற்ற வெண்ணிலம்" என்ற வரியைக் கண்டு கூசவில்லை.

எனக்கு வரும் மறுப்புகள் தெரியும். சுற்றுலாவால் அவர்களுக்கும் பிழைப்பு நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. அவர்களே நடத்தும் முகாம்கள் இருக்கின்றன. பின்லாந்தின் சாமி நாடாளுமன்றம் 2018-ல் சுற்றுலாவுக்கு நெறிமுறைகளையே வகுத்தது. வராதே என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களை நடிக்காதே, எங்களை இல்லாததாக்காதே என்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்து வரும். பெண்கள் இப்போதுதான் வெளியே கிளம்புகிறோம், அதற்குள் குற்றவுணர்ச்சியா, ஆண்கள் நூற்றாண்டுகளாகச் சுற்றியபோது யார் கேட்டார்கள் என்று. இந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஆண் பயணியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக நாம் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. தூக்கைக் கீழே வைத்த கையில் கொடியைத் தூக்கிக்கொண்டால் அம்மாவின் கணக்கு எப்படி நேராகும்? எங்கேயோ ஒரு பெண் சமைத்து, தைத்து, கழுவி வைத்த இடத்தில் போய் நின்று, இங்கே யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்று சொல்வது விடுதலையாகாது. அந்த வாக்கியத்தை நம் வீட்டு ஆண்கள் நம்மை வைத்துக்கொண்டே சொல்லி நாம் கேட்டிருக்கிறோம்.

1904-ல் எல்சா லாவுலா என்ற இளம் சாமிப் பெண், தன் மக்களின் வாழ்வா சாவா என்று கேட்டு ஒரு சிறுநூல் எழுதி அச்சிட்டார். மருத்துவச்சிப் படிப்புப் படித்தவர். 1917 பிப்ரவரி 6 அன்று ட்ரொண்ட்ஹெய்ம் நகரில், எல்லை கடந்து சாமிகள் கூடிய முதல் மாநாட்டை நடத்த முன்நின்றவரும் அவரே. இன்று அந்த நாள்தான் சாமிகளின் தேசிய நாள். நாங்கள் போன பாதையில் அமுண்ட்செனின் சிலையின் முன் படம் எடுக்க இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். இந்தப் பெயரைக் குழுவில் யாரும் சொல்லக் கேட்கவில்லை. போகிறவர்கள் இந்தப் பெயரோடு போங்கள். நீங்கள் நிற்கும் இடம் யாருடைய மெயாத்சி என்று கேளுங்கள். உடுப்பை நீட்டினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் புகைப்படத்தை நான் அழிக்கவில்லை. அழித்தால் நான் போட்டுக்கொள்ளவே இல்லை என்றாகிவிடும். முகப்பிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த வாரம் சுற்றுலாவும் திணையும் பற்றிய வகுப்பில் திரையில் பெரிதாகக் காட்டினேன். யாருடையது என்று கேட்காமல் போட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். அந்த மாணவி கடைசி வரிசையில் இருந்தாள். வகுப்பு முடிந்து என்னிடம் வந்து அவள் பாட்டியின் பெயரைச் சொன்னாள். நான் அதை இங்கே எழுதவில்லை. அது எனக்குச் சொல்லப்பட்டது.